எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு அக்குபஞ்சர் போகலாமா? மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களே?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன்; தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். வயது 31. நான்கு ஆண்டுகளாக அடிவயிற்று வலி. லேப்ராஸ்கோப்பியில் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்படலம் போன்ற திசு வேறு இடத்தில் வளரும் நோய்) என்று உறுதியாகி, இடது சினைப்பையில் இருந்த சாக்லேட் கட்டியை, அதாவது அந்நோயால் பழைய ரத்தம் தேங்கிய கட்டியை, எடுத்திருக்கிறார்கள். ஓராண்டாக டைனோஜெஸ்ட் 2 மி.கி. தினமும் ஒன்று. வலி பாதி குறைந்தது, மீதி பாதி போகமாட்டேன் என்கிறது. உறவினர் அழைத்துப்போன அக்குபஞ்சர் நிலையத்தில், “12 தடவை வாருங்கள், வேரோடு போய்விடும், அதற்கு முன்னால் அந்த ஹார்மோன் மாத்திரையை நிறுத்துங்கள்” என்றிருக்கிறார்கள். போகலாமா என்று கேட்கிறீர்கள். அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: ஊசி வலியைக் குறைக்குமா, ஊசி நோயைத் தீர்க்குமா, மாத்திரையை நிறுத்தலாமா. முதல் கேள்விக்குப் பதில்: குறையக்கூடும், முயன்று பார்க்கலாம். இரண்டாவதற்கு: தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மூன்றாவதற்கு: கூடாது. மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி உங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். அதைப் பிரித்துப் பார்ப்போம்.

பெண்களின் அடிவயிற்று வலிக்கு அக்குபஞ்சர் என்று செய்த ஆய்வுகளில் பெரும்பகுதி, வேறு நோய் எதுவும் இல்லாத சாதாரண மாதவிடாய் வலியைப் பற்றியவை. ஜெர்மனியில் 2008இல் வெளியான ஆய்வில் 201 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மூன்று மாதத்தில் 15 முறை வரை ஊசி. மற்ற பிரிவு காத்திருந்தது. மூன்று மாத முடிவில் வலி மதிப்பெண் ஊசி போட்டவர்களுக்குச் சராசரியாக 3.1, காத்திருந்தவர்களுக்கு 5.4. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காத்திருந்தவர்களுக்குத் தாங்கள் எதுவும் பெறவில்லை என்பது தெரியும். கவனிப்பு, எதிர்பார்ப்பு, அரை மணி நேரம் அமைதியாகப் படுத்திருப்பது எல்லாம் அந்த வித்தியாசத்துக்குள் கலந்து கிடக்கின்றன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2016இல் இந்த வகை வலிக்கான 42 ஆய்வுகளை, மொத்தம் 4,640 பெண்களின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. பலன் உண்டு என்று உறுதிசெய்யப் போதுமான ஆதாரம் இல்லை, கிடைத்த ஆதாரத்தின் தரமும் குறைவு என்பதே அவர்கள் முடிவு. ‘பலன் இல்லை என்று நிரூபணமாகிவிட்டது’ என்று அதைப் படிக்கக் கூடாது. அக்குபஞ்சர் ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் அந்த ஒரு வரியை ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள்.

உங்களுடையது எண்டோமெட்ரியோசிஸ். அங்கே ஆய்வுகள் இன்னும் குறைவு. 2011இல் காக்ரேன் இதே கேள்வியை எடுத்தபோது, தரத்தில் தேறியது ஒரே ஓர் ஆய்வுதான். அதில் 67 பேர், அதுவும் காதில் போடும் ஊசி. 2008இல் பாஸ்டனில் 18 இளம் பெண்களுக்கு எட்டு வாரத்தில் 16 முறை ஜப்பானிய முறையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். நான்கு வாரத்தில் வலி 11 புள்ளி அளவுகோலில் சராசரியாக 4.8 புள்ளி இறங்கியது. பொய் ஊசி பெற்றவர்களைவிட இது தெளிவாக அதிகம். ஆனால் நான்கு வாரத்துக்குப் பிறகு இரு பிரிவுக்கும் இடையிலான வித்தியாசம் உறுதியாகச் சொல்லும்படி இல்லை. பதினெட்டுப் பேரை வைத்து ஊருக்குத் தீர்ப்பு எழுத முடியாது. 2023இல் சீனாவிலிருந்து வெளியான பல மருத்துவமனை ஆய்வு இவற்றைவிடக் கனமானது: 106 பெண்கள், 12 வாரச் சிகிச்சை, பிறகு 12 வாரக் கண்காணிப்பு. சிகிச்சை முடிந்தபோது உண்மை ஊசி பெற்றவர்களுக்கு மாதவிடாய் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. ஊசியை நிறுத்தி 12 வாரம் கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் வேறில்லை. இருக்கும்வரை உதவலாம், நிறுத்தினால் தேயும். ‘12 தடவையில் வேரோடு’ என்ற வாக்குறுதிக்கு நேர் எதிரானது இது.

பொய் ஊசி என்றால் என்ன என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையின் சண்டை முழுக்க அங்கேதான் நடக்கிறது. மாத்திரையில் மருந்தில்லாத மாத்திரை கொடுத்து ஒப்பிடுவது எளிது. ஊசியில் எப்படி? தெருக்கூத்தில் குத்தும் கத்தி கைப்பிடிக்குள் சறுக்கிப் போகுமே, அப்படியொரு மழுங்கிய ஊசியை 1998இல் ஜெர்மனியில் ஸ்ட்ரைட்பெர்கர் என்பவர் அறிமுகப்படுத்தினார். தோலில் பட்டதும் குத்தியதுபோல இருக்கும், உள்ளே போகாது. சில ஆய்வுகளில் புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்துவார்கள். சிக்கல் என்னவென்றால், தோலைத் தொட்டாலும் நரம்பு அதைக் கேட்கிறது. ஆகவே பொய் ஊசி முழுப் பொய் இல்லை. உண்மைக்கும் பொய்க்கும் வித்தியாசம் சிறிதாக வருவதை ‘அக்குபஞ்சரே வெறும் மனநம்பிக்கை’ என்றும் சொல்லலாம், ‘ஒப்பிட்ட பொருளே பாதி சிகிச்சை’ என்றும் சொல்லலாம். முதுகு, கழுத்து, தோள், மூட்டு, தலைவலிகளுக்கான 39 ஆய்வுகளை, 20,827 நோயாளிகளை, 2018இல் ஒன்றாகக் கணக்கிட்டபோது, ஊசி பெறாதவர்களோடு ஒப்பிட்டால் நடுத்தரப் பலனும், பொய் ஊசியோடு ஒப்பிட்டால் சிறிய பலனும் தெரிந்தன. நாட்பட்ட வலிக்கு அக்குபஞ்சர் உதவும் என்று மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான் காட்டுவார்கள். அதில் பெண்ணோய் வலி சேர்க்கப்படவே இல்லை என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

வழிகாட்டு நெறிகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோலத் தோன்றுவதும் இதனால்தான். ஐரோப்பிய மனித இனப்பெருக்கம் மற்றும் கருவியல் சங்கத்தின் 2022 எண்டோமெட்ரியோசிஸ் நெறிமுறை, அக்குபஞ்சர் உள்ளிட்ட மருந்தல்லாத முறைகள் எதையும் குறிப்பாகப் பரிந்துரைக்க இயலாது என்கிறது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட நாட்பட்ட வலி நெறிமுறையோ, தெளிவான காரணம் பிடிபடாத நாட்பட்ட வலிக்கு ஒரே ஒரு சுற்று அக்குபஞ்சரைப் பரிசீலிக்கலாம், அதற்கு மொத்தம் 5 மணி நேரத்துக்கு மேல் சிகிச்சையாளர் நேரம் செலவாகக் கூடாது என்கிறது. முதலாவது நோயைப் பற்றிப் பேசுகிறது, இரண்டாவது வலியைப் பற்றி. அந்த 5 மணி நேர வரம்பைக் கவனியுங்கள். கீழே திரும்ப வருவேன்.

எப்படி வேலை செய்யக்கூடும்? ஓரளவு உறுதியாகத் தெரிந்தது: ஊசி குத்தி முறுக்கும்போது தசையில் உள்ள மெல்லிய நரம்பிழைகள் தூண்டப்பட்டு, தண்டுவடத்திலும் மூளையிலும் உடலின் சொந்த வலிநிவாரணிகள் சுரக்கின்றன. அபினி வகை மருந்தை முறிக்கும் நலாக்சோனைக் கொடுத்தால் அக்குபஞ்சரின் வலிக்குறைப்பு அடங்கிப்போவதை 1970களிலேயே எலியிலும் மனிதரிலும் காட்டினார்கள். பெய்ஜிங்கைச் சேர்ந்த ஹான் ஜிஷெங், ஊசியில் மின்தூண்டல் கொடுக்கும்போது நொடிக்கு 2 துடிப்பு ஒருவகை வலிநிவாரணியையும் 100 துடிப்பு வேறொரு வகையையும் சுரக்கச் செய்வதைக் காட்டினார். அடிவயிற்று வலிக்கு அதிகம் பயன்படும் புள்ளி எஸ்.பி.6. உள்கணுக்கால் எலும்பு முனையிலிருந்து உங்கள் கையால் நான்கு விரல் அகலம் மேலே, கணைக்கால் எலும்பின் பின் விளிம்பை ஒட்டியது. அதன் அருகே போகும் டிபியல் நரம்பின் வேர்களில் ஒரு பங்கு, தண்டுவடத்தில் சிறுநீர்ப்பையும் கருப்பை வாயும் தகவல் அனுப்பும் அதே திருவெலும்பு (முதுகெலும்பின் அடியில், இடுப்பின் பின்பக்கம் உள்ள எலும்பு) மட்டங்களிலிருந்து வருகிறது. அடக்க முடியாத சிறுநீர் அவசரத்துக்கு நவீன சிறுநீரகவியலில் கிட்டத்தட்ட அதே இடத்தில் ஊசி மின்முனை வைத்து வாரம் ஒருமுறை 30 நிமிடம், 12 வாரம் தூண்டுகிறார்கள். காலில் குத்தினால் வயிற்றுக்கு எப்படிக் கேட்கும் என்று சிரிப்பவர்களுக்கு இது போதுமான பதில். ஆனால் இதே விளக்கம் ‘சக்தி ஓடும் பாதைகள்’ உண்டு என்பதற்குச் சான்றாகாது. அப்படி ஒரு பாதையை உடற்கூறியலில் யாரும் கண்டதில்லை. சரியான புள்ளிக்கும் அதற்கு ஓரங்குலம் தள்ளிக் குத்துவதற்கும் எவ்வளவு வேறுபாடு என்பதும் இன்னும் தீராத கேள்விதான்.

இந்த வழிமுறைகள் எல்லாம் வலிச் செய்தியை மட்டுப்படுத்துபவை. கருப்பை உட்படலம் போன்ற திசு வேறு இடத்தில் ஒட்டி வளர்வதை, ஒட்டுத்தழும்புகளை, சாக்லேட் கட்டியை ஊசி கரைத்ததாக நம்பத்தக்க ஆய்வு இல்லை. டைனோஜெஸ்ட் செய்யும் வேலை வேறு. அது புரோஜெஸ்ட்ரான் வகை ஹார்மோன். கருமுட்டை வெளிவருவதை அடக்கி, ஈஸ்ட்ரோஜனைத் தாழ்த்தி, அந்தத் திசுவைச் சுருங்க வைக்கிறது. எண்டோமெட்ரியோசிஸுக்கு அறுவை செய்தபின் 2 ஆண்டில் சுமார் 21 சதவீதம் பேருக்கும், 5 ஆண்டில் 40 முதல் 50 சதவீதம் பேருக்கும் நோய் திரும்புவதாக ஒரு தொகுப்புக் கணக்கு உண்டு. அறுவைக்குப் பிறகு ஹார்மோன் மாத்திரையைத் தொடரச் சொல்வது அதைத் தள்ளிப்போடத்தான். இன்று மாத்திரையை நிறுத்தினால் நாளையே வலி வராது. இரண்டு மூன்று சுழற்சி நன்றாகக்கூடப் போகலாம். அந்த இடைவெளியில் ஊசியும் நடந்துகொண்டிருந்தால், பெயர் யாருக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு கட்டி திரும்பும்போது மறுபடி அறுவை, ஒவ்வோர் அறுவையிலும் சினைப்பையில் கொஞ்சம் கருமுட்டை இருப்பு இழப்பு. மாத்திரையால் மனச்சோர்வு, ஓயாத உதிரக்கசிவு, தலைவலி இருந்தால் நிறுத்தவோ மாற்றவோ நியாயம் உண்டு. அதை மகப்பேறு மருத்துவரிடம் பேசுங்கள். மாற்று மாத்திரைகள், ஹார்மோன் வளையம் என்று வழிகள் இருக்கின்றன.

மாத்திரை வேலை செய்தும் மீதி வலி ஏன் போகவில்லை என்ற கேள்வியை யாராவது உங்களிடம் கேட்டார்களா? என் பார்வையில் அக்குபஞ்சருக்கு முன் கேட்க வேண்டியது அதுதான். உதிரப்போக்கு நின்றபின்னும் நீடிக்கும் வலியில் பெரும்பங்கு, வருடக்கணக்கில் வலியைத் தாங்க இறுகிப்போன இடுப்புத்தள தசைகளிலிருந்து வருவதுண்டு. நெடுநேரம் உட்கார்ந்தால் கூடுவது, உடலுறவின் தொடக்கத்திலேயே எரிவது, அடுத்த நாள்வரை நீடிப்பது எல்லாம் அதன் அடையாளம். சிறுநீர்ப்பை நிறைய நிறைய வலித்து, கழித்ததும் தணிந்தால் சிறுநீர்ப்பை வலி நோய். மலம் கழித்ததும் தணிந்து, உப்புசமும் சேர்ந்தால் குடல் எரிச்சல் நோய். கருப்பைச் சுவருக்குள்ளேயே திசு வளரும் அடினோமையோசிஸ் கூட இருக்கலாம். நம் நாட்டில் இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது: பெண்ணுறுப்புக் காசநோய் சத்தமில்லாமல் இதே வலியோடு இருக்கும். அறுவையின்போது எடுத்த திசுவின் அறிக்கையைப் பாருங்கள், அதற்கான சோதனை நடந்ததா என்று கேளுங்கள். இறுகிய தசை வலிதான் ஊசிக்கும் இடுப்புத்தளப் பிசியோதெரபிக்கும் இளகக்கூடியது. கட்டி இழுக்கும் வலிக்கு இரண்டாலும் பெரிய பலன் இல்லை.

இனி, போவதென்று முடிவெடுத்தால் எப்படி இருக்கும் என்பது. ஊசிகள் 0.16 முதல் 0.30 மி.மீ. தடிமன், துருப்பிடிக்காத எஃகு. ரத்தம் எடுக்கும் ஊசியோடு ஒப்பிட்டால் தலைமுடி மாதிரி. ஒரு தடவைக்கு 8 முதல் 14 ஊசி, 20 முதல் 30 நிமிடம். எஸ்.பி.6 தவிர, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே பாதத்தின் மேல்பக்கம் லிவர் 3, கையில் கட்டைவிரல் இடுக்கில் எல்.ஐ.4, முழங்காலுக்குக் கீழே ஸ்டமக் 36, தொப்புளுக்குக் கீழே நான்கு விரல் அகலத்தில் சி.வி.4, குப்புறப் படுக்கவைத்து திருவெலும்பின் இரண்டாம் துளை மேல் யூ.பி.32 ஆகியவை வழக்கமானவை. குத்தும் கணத்தில் சுருக்கென்றிருக்கும். அதன்பின் வர வேண்டியது மந்தமான கனம், பரவும் குடைச்சல். சீனத்தில் இதை ‘தச்சி’ என்பார்கள். யூ.பி.32இல் அது அடிவயிற்றுக்குள் இறங்குவதை உணரலாம். மின்னல்போல் காலுக்குள் பாய்ந்தாலோ கூர்மையாக வலித்தாலோ நரம்பைத் தொட்டிருக்கிறது. உடனே சொல்ல வேண்டும், ஊசியைக் கொஞ்சம் வெளியே இழுப்பார்கள். அடிவயிற்றில் குத்துமுன் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லாதவரை நம்பாதீர்கள்: நிறைந்த சிறுநீர்ப்பை சி.வி.4க்கு நேர் கீழேதான் இருக்கிறது. மெலிந்தவர்களுக்கு அங்கே ஆழமாகக் குத்தினால் வயிற்றறைக்குள்ளேயே போய்விடும். ஸ்கேனில் பெரிய சினைப்பைக் கட்டி இருந்தால் வயிற்றுப் புள்ளிகளை விட்டுவிட்டு கால், முதுகுப் புள்ளிகளோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

எத்தனை முறை? வாரம் ஒருமுறை அல்லது இருமுறை, எட்டு முதல் பன்னிரண்டு வாரம் என்பதே ஆய்வுகளில் பொதுவான அளவு. தொடக்கத்திலேயே மாதம் ஒருமுறை போய் வருவது போதாது. மாதவிடாய் வலிக்கு, வலி வரும் நாளில் ஓடுவதைவிட அதற்கு முந்தைய வாரத்தில் இரண்டு மூன்று தடவை போவது உசிதம் என்று கருதுபவர்கள் உண்டு. 2017இல் 74 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள், வாரம் ஒருமுறை பெற்றவர்கள், முந்தைய வாரத்தில் மூன்று முறை பெற்றவர்கள் எல்லாருக்குமே வலி குறைந்தது. ஊசிக்குப் போன முதல் ஓரிரு நாள் வலி சற்றுக் கூடலாம். அதை ‘நோய் வெளியேறுகிறது’ என்று யாராவது விளக்கினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், தூண்டப்பட்ட தசை கொஞ்சம் முணுமுணுக்கிறது, அவ்வளவுதான்.

யாரிடம் போவது என்பதில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு குழப்பம் இருக்கிறது. இங்கே அக்குபஞ்சர் என்ற பெயரில் நடப்பதில் கணிசமான பகுதி ஊசியே இல்லாதது. அக்கு ஹீலர் நாடி பார்த்து, ஒரே ஒரு புள்ளியை விரலால் சில நொடி தொட்டு அனுப்பிவிடுவார். அது சரியா தவறா என்ற வாதத்துக்குள் போகவில்லை. மேலே சொன்ன ஆய்வுகள் எதுவும் அதைப் பற்றியவை அல்ல. அவற்றின் எண்களை அந்தச் சிகிச்சைக்குச் சான்றாகக் காட்ட முடியாது. இந்திய சுகாதார அமைச்சகம் 2003இல் அக்குபஞ்சரை ஒரு சிகிச்சை உத்தியாகவும், 2019இல் தனி முறையாகவும் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் வாசலில் தொங்கும் சான்றிதழ் ஆறு மாத வார இறுதி வகுப்பா, முழுப் படிப்பா என்று நீங்கள்தான் கேட்டறிய வேண்டும். இயற்கை மருத்துவம், யோகாவுக்கான பி.என்.ஒய்.எஸ். படிப்பில் பயிற்சி மருத்துவ ஓராண்டோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு படிக்கிறார்கள், அக்குபஞ்சர் அதில் பாடமாக உண்டு. சென்னையில் இருந்தால் அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். எலும்பு மற்றும் வலி மருத்துவப் பிரிவுகளில் உலர் ஊசி சிகிச்சை (மருந்து ஏதும் செலுத்தாமல் இறுகிய தசையில் ஊசி குத்துவது) செய்யும் பிசியோதெரபிஸ்ட்டுகளும் இருக்கிறார்கள். இறுகிய தசைக்கு அவர்களே போதும். யாராக இருந்தாலும், ஊசி உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்க வேண்டும், பயன்படுத்தியபின் துளைக்காத வெள்ளை நிறப் பெட்டியில் போட வேண்டும், எத்தனை போட்டோம் எத்தனை எடுத்தோம் என்று எண்ண வேண்டும். மறந்த ஊசி ஒன்று உடையோடு சிக்கி உள்ளே முறிவது அரிது, ஆனால் நடக்கிற விபத்து.

ஆபத்து எவ்வளவு? ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கணக்கெடுத்ததில் 8.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பக்கவிளைவு. பெரும்பாலும் ரத்தக்கசிவு, கன்றிப்போதல். சிகிச்சை தேவைப்பட்டது 2.2 சதவீதம் பேருக்கு. நுரையீரல் உறையில் காற்றுப் புகுந்தது இருவருக்கு. மேல்முதுகிலும் தோளிலும் ஆழமாகக் குத்தினால் நேர்வது இது, உங்கள் வலிக்கு அங்கே குத்தத் தேவையே இல்லை. வெறும் வயிற்றோடு போனால் முதல் தடவை மயக்கம் வரலாம். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போய், படுத்தபடியே செய்துகொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர், இதய வால்வு மாற்றியவர், பேஸ்மேக்கர் வைத்தவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் மின்தூண்டல் கூடாது, வால்வு இருந்தால் நாள்கணக்கில் ஒட்டிவைக்கும் காது ஊசி கூடாது. நாள் தள்ளிப்போயிருந்தால் முதலில் கர்ப்பச் சோதனை. மூலிகைத் திரியைப் புகையவிட்டுச் சூடு காட்டும் மாக்ஸா வைத்தால், தோல் இளஞ்சிவப்பானதும் எடுத்துவிட வேண்டும். கொப்புளம் வருவது திறமைக் குறைவு, ‘விஷம் வெளியேறுவது’ இல்லை. இத்தோடு சூரணம், உருண்டை என்று எதையாவது கொடுத்தால் உள்ளிருப்பது என்ன என்று எழுதிக் கேளுங்கள். எழுதித் தராததை விழுங்க வேண்டாம்.

பலன் தெரிகிறதா என்று எப்படி அறிவது? இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். நாட்பட்ட வலி ஏறி இறங்கும் இயல்புடையது. உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புதிய சிகிச்சையைத் தேடுகிறோம். எதுவும் செய்யாவிட்டாலும் அங்கிருந்து அது கொஞ்சம் இறங்கத்தான் போகிறது. ஆகவே தொடங்குவதற்கு முன்பே நான்கு வாரம் ஒரு நோட்டில் தினமும் இரவு ஒரே நேரத்தில் குறியுங்கள்: அன்றைய அதிகபட்ச வலி 0 முதல் 10 வரை, எத்தனை வலி மாத்திரை, வேலைக்குப் போனீர்களா, தூக்கம், மலம் கழிக்கையில் அல்லது உறவின்போது வலி. பிறகு ஊசியோடு நான்கு வாரம், எட்டு வாரம். மாதவிடாய் வருகிறதென்றால் இரண்டாம் நாளை அடுத்த மாத இரண்டாம் நாளோடு ஒப்பிடுங்கள். டைனோஜெஸ்ட்டால் மாதவிடாய் நின்றிருந்தால் நான்கு வாரச் சராசரியை எடுங்கள். சராசரி 2 புள்ளியாவது, அல்லது 30 சதவீதமாவது குறைந்திருந்தால் அது உண்மையான மாற்றம் என்று கொள்ளலாம். எட்டாவது அமர்வில் அது இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். அரை மணி அமர்வு பத்து என்றால் நைஸ் சொன்ன 5 மணி நேரம் முடிந்துவிடும். 12 தடவைக்கு முன்பணம் கேட்பவரிடம் நான்கு நான்காகக் கொடுப்பதாகச் சொல்லிப் பாருங்கள். பலன் தெரிந்தாலும் அதே வேகத்தில் தொடர வேண்டியதில்லை. மூன்று மாதம் முடிந்ததும் மாதம் இருமுறை, பிறகு ஒருமுறை என்று இடைவெளியை நீட்டி, வலி எப்போது தலைதூக்குகிறது என்று பாருங்கள்.

பணமும் போக்குவரத்தும் சிரமமென்றால் வீட்டிலேயே விரல் அழுத்தம் முயலலாம். பெர்லினில் 221 பெண்களுக்கு, சாதாரண மாதவிடாய் வலிக்கு, கைபேசிச் செயலி மூலம் தாமே அழுத்திக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாம் சுழற்சியில் 37 சதவீதம் பேருக்கு வலி பாதியாகக் குறைந்தது, அழுத்தாதவர்களில் 25. ஆறாம் சுழற்சியில் 58க்கு 24. பொய்ச் சிகிச்சையோடு ஒப்பிடவில்லை என்ற குறை இதற்கும் உண்டு, எண்டோமெட்ரியோசிஸ் பெண்களும் இல்லை. ஆனால் காசு செலவில்லை, கேடும் இல்லை. எஸ்.பி.6, லிவர் 3, எல்.ஐ.4 மூன்றையும் இருபுறமும் கட்டைவிரலால் கனம் தெரியும்படி ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம், மாதவிடாய்க்கு ஐந்து நாள் முன்பிருந்து தினம் இரண்டு மூன்று வேளை. கர்ப்பம் இருக்கக்கூடும் என்றால் வேண்டாம்.

இதைவிட உறுதியான ஆதாரம் உள்ளவை இரண்டு மலிவான சங்கதிகள். ஒன்று சூடு: அடிவயிற்றில் சுமார் 39 டிகிரி தொடர் வெப்பம், மாதவிடாய் வலிக்கு 400 மி.கி. ஐபுபுரூஃபன் மூன்று வேளைக்கு நிகராக வேலை செய்ததை 2001இல் ஓர் ஆய்வு காட்டியது. வெந்நீர்ப் பையைத் துணி சுற்றி வைத்தால் போதும். தோலில் பழுப்பு வலைபோல் தடம் விழுந்தால் சூடு அதிகம். இன்னொன்று மாத்திரையை எடுக்கும் நேரம். மெஃபனமிக் அமிலம் 500 மி.கி. போன்றவை வலியை உண்டாக்கும் புராஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பவை. அது உற்பத்தியாகிக் கருப்பை முறுக்கத் தொடங்கியபின் விழுங்கினால் பாதிப் பலன்தான். உதிரம் தெரிந்த உடனே, முடிந்தால் முந்தைய நாளே, சாப்பிட்டபின் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என இரண்டு மூன்று நாள் எடுப்பதே முறை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

நீங்கள் கேட்காதது ஒன்று, ஆனால் அந்த நிலையத்தில் நிச்சயம் சொல்வார்கள்: ‘கருவும் தங்கும்’ என்பார்கள். சோதனைக்குழாய் கருத்தரிப்பில் இருந்த 848 பெண்களிடம் செய்த ஆய்வில், ஊசி போட்டவர்களில் 18.3 சதவீதமும் பொய் ஊசி பெற்றவர்களில் 17.8 சதவீதமும் குழந்தை பெற்றார்கள். ஒன்றுதான். குழந்தைத் திட்டம் இருந்தால், அதற்கான காலக்கணக்கு அக்குபஞ்சரால் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து வருகிறேன் என்று மருத்துவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

முதல் நாள் சிகிச்சையாளரிடம் மூன்றைச் சொல்லுங்கள்: மாத்திரை தொடரும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தொடரும், எட்டாவது அமர்வில் நோட்டைப் பார்த்து முடிவெடுப்பேன். ஏற்றுக்கொள்பவர் கையில் ஊசியைக் கொடுக்கலாம். ‘மாத்திரை இருந்தால் என் சிகிச்சை வேலை செய்யாது’ என்பவர் சொல்வதற்கு ஆய்வுகளில் எந்த அடிப்படையும் இல்லை. அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மகப்பேறு மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து பலர் மறைக்கிறார்கள், பிறகு எது எதனால் குறைந்தது என்று யாருக்கும் தெரியாமல் போகிறது. இடையில் ஒரு நாள் திடீரென்று ஒருபக்கம் பிளக்கும் வலி, மயக்கம், காய்ச்சலோடு வெள்ளைப்படுதல், நாள் தள்ளிப்போய் வலி, உறவுக்குப்பின் உதிரம், காரணமில்லாமல் வயிறு பெருத்து எடை குறைதல் என்று ஏதாவது வந்தால் கதை வேறு. முதல் நான்குக்கு அன்றே அவசரப் பிரிவு, மற்ற இரண்டுக்கு அந்த வாரத்துக்குள் மருத்துவர். அந்த நாட்களில் அக்குபஞ்சர் முன்பதிவு இருந்தால் ரத்து செய்துவிட்டுப் போங்கள்.